உங்கட புல்லுக்குப் பனி சுமந்த கதை

என்ர அன்பான இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து ‘இஞ்சாருங்கோ’தான். நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது, வாய் இன்னும் அதைத்தான் சொல்லுகிறது. பதில் வருவதில்லை. இருந்த காலத்திலும் புல்லில் நிற்கிற நேரம் உங்களிடம் இருந்து பதில் வந்ததில்லை. ஆனபடியால் சில நாட்களில் நீங்கள் முன்பக்கம் நிற்கிறீர்கள் என்று நினைத்து இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிடுகிறேன். பிறகு இரண்டையும் நானே குடிக்கிறேன்.

ஆட்டைத்திவசத்துக்குப் பேப்பரில் நினைவஞ்சலி போடவேண்டும் என்று சுதன் ஒரு மாதிரியை எடுத்துவந்தான். பாசத்தின் சிகரமே, பண்பின் இருப்பிடமே என்று தொடங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். யாரோ முன்பின் தெரியாத மனிதரைப் பற்றி எழுதியிருந்தது. புல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. “உதை விடு, நான் எழுதிறன்” என்று சொல்லிவிட்டேன்.

உங்களுடைய மகனுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதற்காக எத்தனை முறை உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். இன்றைக்கு அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவனுக்குத் தெரியக்கூடாத விசயம் ஒன்று இதில் இருக்கிறது. நீங்களும் கனவில் போய் உளறாதேங்கோ.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்களுக்குத் தெரிந்த வட்டாரத்தில் செல்வம் என்ற பெயரில் மூன்று பேர். கார் விற்பவர் கார்ச் செல்வம். கோயில் திருவிழாவுக்கு மைக்கைப் பிடித்தால் விடாதவர் மைக் செல்வம். என்னுடைய மனிசன் புல்லுச் செல்வம். ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள அந்தத் துண்டுப் புல்லை அவர் வளர்த்த மாதிரி நான் பிள்ளையைக்கூட வளர்க்கவில்லை. யாராவது கால் வைத்தால் போதும், வீட்டுக்குள் எந்த மூலையில் இருந்தாலும் “புல்லு! புல்லு!” என்று ஒரு சத்தம் வரும். தபால்காரருக்கும் பீட்சா கொண்டுவருகிறவனுக்கும் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

மற்றவர்களுக்கு நவம்பரோடு புல்லின் கதை முடிந்துவிடும். உங்களுக்கு அப்போதுதான் தொடங்கும். ஒரு இலை மிஞ்சாமல் வாரி, கடைசி வெட்டைக் கட்டையாக வெட்டி, பனி தள்ளுகிற வண்டி கரையைக் கிளப்பாமல் இருக்கச் சிவப்பு நாடா கட்டிய தடிகளை ஓரமெல்லாம் நட்டு, ஒரு கலியாண வீட்டுக்குரிய ஆயத்தம் நடக்கும். ஐஸ் உருக றோட்டுக்கு உப்புக் கொட்டுவார்கள், அந்தப் பனி பட்டால் புல் பட்டுப்போகும் என்று ஒரு சவள் அள்ளிக்கூடப் புல்லில் போட விடமாட்டீர்கள். புல் உறைந்திருக்கும்போது மிதித்தால் நுனி நொறுங்கிப்போகும், பாதத் தடம் வசந்தம் வரும்வரை அழியாது என்பீர்கள். வந்த விருந்தாளியை நிறுத்தி வைத்துச் சப்பாத்துத் தடத்தைக் காட்டி வகுப்பெடுத்த ஆள் நீங்கள்.

நான் கேட்டதெல்லாம் படியோரம் ஒரு கத்தரிக் கண்டு வைக்க ஒரு முழம் இடம். “முன்பக்கத்தில மரக்கறியோ? சனம் என்ன சொல்லும்?” என்று என்னைப் பின்வளவுக்குக் கலைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் நான் அந்தப் புல்லுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். “சக்களத்திக்குத் தலை வாரி முடிஞ்சுதோ, சாப்பிட வாறியளோ?” என்று கூப்பிட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே இன்னும் அரைமணித்தியாலம் நிற்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பின்னேரம் என்னைக் கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டீர்கள். சுதன் கார் நிற்பாட்டிய இடத்துக்குக் காசு கட்டப் போயிருந்தான். இவ்வளவு காலம் சொல்லாத ஒன்றை மனிசன் சொல்லப்போகிறது என்று காதைக் கொண்டுவந்து வாய்க்குக் கிட்ட வைத்தேன்.

“இஞ்சேரும். கராஜில சம்பாப் பையில பசளை கிடக்கு. நிலம் இறுக முதல் எறிஞ்சு விடும்.”

சாகிற நேரத்திலும் புல்லுக்கு உரம். “ஓம்” என்றேன். “மறந்திடாதையும்” என்றீர்கள். பிறகு கண்ணை மூடினீர்கள், திறக்கவேயில்லை. சனம் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறது, அவர் கடைசியாய் என்ன சொன்னவர் என்று. ‘உன்னைப் பார்த்துக்கொள்’ என்று சொன்னார் என்று பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. எது எதென்று பிரிக்கத் தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனம் உங்கள் புல்லின் மேலால் ஊர்வலம் போனது. குதிச் சப்பாத்து, பனிச் சப்பாத்து, யாரோ ஒரு பெடியன் காரையே ஒரு சில்லு ஏற்றி நிற்பாட்டியிருந்தான். யன்னலால் பார்த்துக்கொண்டு நீங்கள் பெட்டிக்குள் இருந்து எழும்பப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஒரேயொரு ஆள் மட்டும் கையில் கேக் தட்டோடு கார் விடுகிற டிரைவ்வேயால் சுற்றி நடந்து வந்தார். உங்கள் எதிரி, பக்கத்து வீட்டுக் கிறீஸ்காரர் கோஸ்தா. எத்தனையோ வருசமாய் ஆளுக்காள் ‘குட் மோர்னிங்’ சொல்லிக்கொண்டு ஓரக்கண்ணால் மற்றவரின் புல்லை அளந்த மனிதர்கள் நீங்கள். அவர் நடைபாதையில் நின்று தொப்பியைக் கழற்றி முதலில் புல்லைப் பார்த்தார், பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் அந்த இடத்தில்தான் வாய்விட்டு அழுதேன்.

எல்லோரும் போய் வீடு வெறுமையான பிறகு நான் கராஜுக்குப் போனேன். நீங்கள் சொன்ன சம்பா அரிசிப் பை கதவுக்குக் கிட்டவே இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சின்னக் குறுணி. உங்கள் பெரிய யாக்கெற்றைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் இறங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புல்லில் நான் உரிமையோடு நடந்தேன், தெரியுமோ? நெல் விதைக்கிற மாதிரி வீசி வீசி, ஒரு மூலை விடாமல், பை வெறுமையாகும் மட்டும் எறிந்தேன். “இந்தாருங்கோ, உங்கட சக்களத்திக்குச் சாப்பாடு” என்று சொல்லிச் சொல்லி எறிந்தேன். முடிந்தபோது மனம் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியாது. அடுத்த நாளே பனி கொட்டி எல்லாவற்றையும் மூடியது.

அந்தக் கிழமைதான் சுதன் கதையைத் தொடங்கினான். உங்களுக்குத் தெரியும்தானே, காலமை காலமை அந்தக் கார்ப் பிரச்சினை. அவனுடைய கார், மருமகளின் கார், உங்களுடைய பழைய வெள்ளைக் கார், மூன்றும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. முன்னுக்கு நிற்பதை எடுக்கப் பின்னுக்கு நிற்கிற இரண்டையும் றோட்டில் இறக்கவேண்டும்.

“அம்மா, ஸ்பிரிங்ல முன்பக்கம் முழுக்க இன்ரலொக் கல்லுப் பதிப்பம். கார் எல்லாம் வசதியா நிக்கும்.”

“அப்ப புல்லு?”

“ஆரம்மா பாக்கிறது? எனக்கு டைம் இல்லை. உங்களுக்கும் ஏலாது. எப்பிடியும் செத்துப்போகும்.”

“அப்பான்ர காரை வில். அது சும்மாதானே நிக்குது.”

அவனுடைய முகம் மாறிவிட்டது. “அப்பான்ர காரைத் தொடாதேங்கோ” என்றான். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவன் சில நாட்களில் வேலையால் வந்து அந்தக் காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். அவனுக்குக் கார், எனக்குப் புல். இரண்டு பேருமாக உங்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவனே ஒரு ஒப்பந்தம் சொன்னான். ஸ்நோ கரைந்த பிறகு புல் பச்சையாக வந்தால் விடுவது, பட்டுப்போனால் கல் பதிப்பது. “டீல்?” என்று கையை நீட்டினான். நான்தான் பசளை எறிந்துவிட்டேனே, எனக்கென்ன பயம்? “டீல்” என்று உள்ளங்கையில் ஓங்கி அடித்தேன்.

இனித்தான் கோதாரி.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் வந்தது. வீட்டுக்கிருத்தியத்துக்கு ஐயர் வருகிறார். முதல் நாள் மழை மாதிரிப் பெய்து, பிறகு உறைந்து, படியெல்லாம் கண்ணாடி. போதாததற்கு நான் காலமை எழும்பி வாசலுக்கு மஞ்சள் தண்ணி தெளித்திருந்தேன். அது தெளித்த கையோடு மஞ்சள் ஐஸாகப் படிந்துவிட்டது. சுதன் ஓடிப்போய்க் கராஜில் இருந்து உப்புப் பையைத் தூக்கிவந்து படி நிறையக் கொட்டினான். ஐயர் ஒரு கையில் பையும் மறு கையில் வேட்டி நுனியுமாக ஏறி மேல் படியில் காலை வைத்தார். அடுத்த கணம் இருந்த இருப்பில் சறுக்கிக் கீழ்ப் படிக்கு வந்து சேர்ந்தார். பையை மட்டும் விடவில்லை.

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, பகவான் காப்பாத்திப்போட்டார்” என்று இடுப்பையும் நாரியையும் தடவிக்கொண்டு எழும்பினார். அன்றைக்கு மந்திரம் முழுவதும் ஒரு பக்கம் சரிந்திருந்துதான் சொன்னார்.

சுதன் என் காதுக்குள் வந்து, “அம்மா, இவ்வளவு உப்புப் போட்டும் ஐஸ் உருகேல்லை. உதென்ன டூப்ளிகேற் உப்போ?” என்று கேட்டான்.

கராஜுக்குப் போனேன். அவன் எடுத்த பையைப் பார்த்தேன், சம்பாப் பை. நான் எறிந்து முடித்து மடித்து வைத்த பையைப் பார்த்தேன், அதுவும் சம்பாப் பை. கடைப் பை குளிருக்குக் கிழிந்துபோகும், அரிசிப் பை கிழியாது என்று உங்களிடம் ஒரு கொள்கை இருந்ததே! உப்பு, பசளை, பழைய ஆணி எல்லாம் அரிசிப் பையில். இந்த வீட்டில் நாங்கள் என்றைக்காவது சம்பா தவிர வேறு அரிசி தின்றிருக்கிறோமா? அடுக்கியிருந்த அத்தனை பையும் சம்பாப் பைதான் மனிசா! எது எதென்று உங்களுடைய தலைக்குள் மட்டும் இருந்தது. அந்தத் தலையையும் கொண்டுபோய்விட்டீர்கள்.

மடித்த பையின் மூலையில் கொஞ்சக் குறுணி மிஞ்சியிருந்தது. ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். இவ்வளவு வருசமாய்க் கறிக்கு உப்புப் பார்க்கிற நாக்கு பொய் சொல்லாது. உப்பென்றால் உப்பு. துப்பிவிட்டு அப்படியே வாளி மேல் இருந்தேன். ஒரு சவள் உப்புப் பனி படவிடாமல் நீங்கள் காத்த புல்லில் ஒரு பை உப்பை என் கையாலேயே, அதுவும் ஒரு மூலை விடாமல் விதைத்திருக்கிறேன். உங்களுடைய பசளையை மகன் படிக்கட்டுக்குப் போட்டிருக்கிறான். உள்ளே ஐயர் உங்கள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடையுமா?

யாரிடம் சொல்வது? சுதனிடம் சொன்னால் அன்றைக்கே கல்லுக்காரனைக் கூப்பிடுவான். அன்று பின்னேரம் பாத்திரம் கழுவும்போதுதான் யோசனை வந்தது. கறியில் உப்புக் கூடினால் என்ன செய்வோம்? தண்ணி விடுவோம். குளிருக்கு வெளிக் குழாயைப் பூட்டியாயிற்று, தண்ணி இல்லை. ஆனால் பனி என்பது வேறென்ன, தண்ணிதானே? பின்வளவு நிறைய உப்புப் படாத பனி கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து முன்னுக்குக் குவித்தால், கரைகிறபோது உப்பைக் கழுவிக்கொண்டு கீழே போகாதா?

அடுத்த நாள் பிள்ளைகள் வேலைக்குப் போனதும் தொடங்கினேன். சுதன் சின்ன வயதில் சறுக்கி விளையாடிய நீலப் பிளாஸ்டிக் சறுக்குவண்டியைக் கராஜில் வைத்திருந்தீர்களே, அதில் பின்வளவுப் பனியை அள்ளிப் போட்டு, கயிற்றால் இழுத்து முன்னுக்குக் கொண்டுவந்து, புல்லின் மேல் எட்ட நின்று எறிந்தேன். மிதிக்கவில்லை, சத்தியமாய் மிதிக்கவில்லை. ரொறன்ரோ முழுக்கச் சனம் வீட்டுக்கு முன்னால் கிடக்கிற பனியை எங்கே தள்ளலாம் என்று தவிக்கிறபோது, ஒரு கிழவி பனியை வீட்டுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வருகிறாள். பஸ்ஸில் போன சனம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

கோஸ்தா யன்னலால் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “மிஸஸ், ராங் வே! ராங் வே!” என்று கையைக் காட்டினார். அவருடைய இங்கிலீஸும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆனபடியால் விளங்கிக்கொள்வதில் கஷ்டமிருக்கவில்லை. “சால்ட். மை மிஸ்டேக். ஹிஸ் கிராஸ்” என்றேன். மனிசன் இரண்டு கையையும் தலையில் வைத்தார். அவருடைய புல்லுக்கே வந்த மாதிரி இருந்தது அவருடைய முகம். உள்ளே போனவர் சவளோடு திரும்பி வந்தார். தன் பின்வளவில் இருந்து பனியை எடுத்து எங்கள் புல்லில் போடத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். செல்வத்தின் புல் செத்துப்போனால் தான் யாரோடு போட்டி போடுவது என்றார். உங்களுக்கு இப்படி ஒரு சிநேகிதர் இருந்தது உங்களுக்கே தெரியாது.

பிரச்சினை உங்களுடைய தங்கச்சியால் வந்தது. பவளம் டோர்செட் பார்க் பகுதியில் இருந்து இரண்டு பஸ் ஏறி எனக்கு ஆறுதல் சொல்ல வந்தா. நானும் கோஸ்தாவும் பனி இழுத்துக்கொண்டு நிற்கிறோம்.

“மச்சாள்! உதென்ன வேலை?”

“ஸ்நோ போடுறன்.”

“எல்லாரும் ஸ்நோ எடுக்கினம், நீங்கள் போடுறியளோ?”

“ஓம். எங்கட புல்லுக்குக் காணாது.”

பவளம் என்னை மேலும் கீழும் பார்த்தா. மெல்லமாகக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, நெற்றிக்குத் திருநீறு பூசிவிட்டு, குசினிக்குள் போய்ப் போனை எடுத்தா. “தம்பி சுதன், கொம்மாக்குச் சாடையாய்த் தட்டிப்போட்டுதடா. கோயிலில ஒரு நூல் கட்டுவம்” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னேரத்துக்குள் எங்கள் சனம் முழுக்கக் கதை பரவிவிட்டது. புல்லுச் செல்வத்தின் மனிசி பனி சுமக்கிறாவாம்.

சுதன் வேலையை விட்டு ஓடிவந்தான். “அம்மா, ஆர் யூ ஓகே?” என்று முழங்காலில் இருந்து என் கையைப் பிடித்தான். பாவம் பிள்ளை, கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் புல் போய்விடும், சொல்லாவிட்டால் நான் விசரி. யோசித்துப் பார்த்தேன். விசரியாக இருப்பதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. “கொப்பான்ர புல்லுக்குக் குளிருமெண்டு போர்த்துவிடுறன் தம்பி” என்றேன். அவன் அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மனநலம் பார்க்கிற ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல வடிவான, தன்மையான பிள்ளை. “அன்ரி, பனியைத் தூக்கேக்க உங்களுக்கு உள்ளுக்க என்ன செய்யுது?” என்று கேட்டா. “நாரி நோகுது பிள்ளை” என்றேன். அதை எழுதிக்கொண்டா. பிறகு, அம்மா செய்கிறதைத் தடுக்கவேண்டாம், கூட நின்று செய்யுங்கள் என்று சுதனுக்குச் சொல்லிவிட்டா. அந்தப் பிள்ளை நல்லாயிருக்கவேண்டும். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சுதன்தான் இழுத்தான், நான் அள்ளினேன். மூச்சு வாங்க வாங்க உங்களைப் பற்றித்தான் கதைத்தோம். அதற்கு முதல் எங்கள் இரண்டு பேருக்கும் உங்களைப் பற்றிக் கதைக்க வாய் வரவில்லை.

வசந்தம் வந்தது. தெருவில் எல்லாருடைய புல்லும் வெளியே தெரிந்தபோது எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒரு பனிமலை நின்றது. அது கரைந்து கரைந்து, பெய்த மழையும் சேர்ந்து, கடைசியில் ஒரு நாள் நிலம் தெரிந்தது. எல்லாம் வைக்கோல் நிறம். காலமை எழும்பி முகம் கழுவாமல் போய்ப் பார்ப்பேன். கோஸ்தாவும் தன் பக்கத்தில் குனிந்து பார்ப்பார். அவர் தலையை ஆட்டுவார், நான் உள்ளே வந்துவிடுவேன்.

பிறகு மெல்ல மெல்லச் சில இடங்களில் பச்சை கட்டியது. சில இடம் கட்டவேயில்லை, நான் கை நிறைய அள்ளி எறிந்த இடங்கள் போல. ஆனால் படிக்கட்டு ஓரத்தைப் பார்க்கவேண்டும்! ஐயர் விழுந்த இடத்தில் உங்கள் பசளை கரைந்து ஓடி, கரையெல்லாம் புல் கரும்பச்சையில் அடர்ந்து, படி வெடிப்புக்குள்ளாலும் எட்டிப் பார்த்தது. பாதி பச்சை, பாதி மொட்டை. இதைப் பச்சை என்பதா, பட்டது என்பதா? சுதன் படியில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் ஒரு சனிக்கிழமை கல்லுக்கார அண்ணையின் டிரக் வந்து வாசலில் நின்றது. “சும்மா அளந்து பாக்கத்தானம்மா” என்றான் சுதன், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் வெளியே போகவில்லை. குசினியில் நின்று குழம்பைக் கிளறினேன். பார்க்க எனக்கு மனமில்லை. தோற்றுப்போனேன் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் வெளியே இருந்து ஒரு சத்தம்.

“புல்லு! புல்லு!”

அகப்பை கையால் விழுந்தது. அதே குரல், அதே எடுப்பு, இரண்டாவது ‘புல்லு’வில் அதே கோபம். வாய் தன்பாட்டில் “இஞ்சாருங்கோ!” என்றது. நான் ஓடினேன். உங்களுக்குத் தெரியும், எனக்கு ஓட ஏலாது. ஆனாலும் ஓடினேன்.

வாசலில் சுதன் நின்றான். முகம் சிவந்து, கை நீட்டியபடி, அவனுக்கே தன் சத்தம் விளங்காத மாதிரி நின்றான். புல்லின் நடுவில் கல்லுக்கார அண்ணை பெரிய சப்பாத்துக் காலில் ஒன்றைத் தூக்கியபடி அசையாமல் நின்றார். மற்றக் காலை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“தம்பி, உதைத்தானே கிளப்பப் போறம்?” என்று கேட்டார்.

சுதன் நீட்டிய கையை மெல்ல இறக்கினான். பிறகு, “சொறி அண்ணை. டிரைவ்வேயால வாங்கோ” என்றான். அவர் நுனிக்காலில் நடந்து வெளியே வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு, அளக்காமலே போனார்.

டிரக் போன பிறகு சுதன் படியில் வந்து இருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். “அம்மா, அது அப்பாட வொய்ஸ், என்ன?” என்று கேட்டான். “ஓமடா” என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பக்கத்து வீட்டில் கோஸ்தா எங்களைப் பார்க்காத மாதிரி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவனே கண்ணைத் துடைத்துவிட்டு, “அப்பான்ர காரை வித்திடுவம் அம்மா” என்றான். கார்ச் செல்வம்தான் வந்து எடுத்துக்கொண்டு போனார், நல்ல மாதிரி நடந்துகொண்டார். இப்போது அந்த இடத்தில் மருமகளின் கார் நிற்கிறது. காலமையில் ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

மொட்டை இடங்களுக்குக் கோடையில் விதை போட்டு, தண்ணி விட்டு, ஒருமாதிரி மூடியாயிற்று. கிட்ட நின்று பார்த்தால் நிறம் வித்தியாசம் தெரியும், நீங்கள் கிட்ட வராதேங்கோ. படியோரம் மட்டும் ஒரு கத்தரிக் கண்டு வைத்தேன். ஒன்றே ஒன்றுதான், சத்தம் போடாதேங்கோ. உங்கள் பசளையில் அது காய்த்த காய் இருக்கே! பவளத்துக்கும் கொடுத்தேன், கோஸ்தாவுக்கும் கொடுத்தேன். என் தலை சுகமாகிவிட்டது என்று பவளம் எல்லாருக்கும் சொல்லிவிட்டா.

இப்போது திரும்பவும் நவம்பர். சுதன் இலை வாரிவிட்டான், ஒன்று மிஞ்சவில்லை. சிவப்பு நாடாத் தடியும் அவனே நட்டான். திவசத்துக்கு வருகிற சனத்தை டிரைவ்வேயால் அனுப்புவதற்கு வாசலில் தான் நிற்கிறானாம், என்னை உள்ளே சமையலைப் பார்க்கச் சொல்லிவிட்டான். புதுப் பசளையும் வாங்கிக் கராஜில் வைத்திருக்கிறது. கடைப் பை ஓரத்தில் கிழிந்திருந்தது என்று சுதன் அதை எதற்குள் கொட்டி வைத்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைதானே.

நிலம் இறுக முதல் நான் எறிந்துவிடுவேன், யோசிக்காதேங்கோ. எறிய முதல் ஒரு குறுணியை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். எனக்குக் கை கால் ஏலுமட்டும் ஒவ்வொரு வருசமும் வைத்துப் பார்ப்பேன். இது உங்களுக்குச் சத்தியம்.

உங்கட மனிசி,
புல்லுக்குச் சக்களத்தி,
மலர்